எரியாத பல்பின் கணக்கு

உலகம்மாவுக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்குக் குருவைவிட வயசு ரொம்பக் கூட.

சீடர் பேர் பால்வண்ணம். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் உலகம்மாவின் லைட் செட்டிங் கடை வாசலில் வந்து நின்றார்.

"எனக்குக் கரண்டு வேலை சொல்லிக் கொடு தாயி."

"இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி?"

"காலமெல்லாம் மனுசங்களை ஏத்தி இறக்கியாச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை ஏத்தி இறக்கிப் பாக்கணும்னு ஆசை."

உலகம்மா சிரித்துவிட்டு ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அன்றைக்கே அவர் அவளை "வாத்தியாரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உலகம்மாவிடம் ஒரு வழக்கம். கேள்வி கேட்டால் வாயால் பதில் வருவது குறைவு. கையில் எதையாவது கொடுப்பாள். இல்லையென்றால் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வாள்.

வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் பால்வண்ணம் தன் பாஷையில்தான் புரிந்துகொண்டார். ஒருநாள் அவளிடமே அதை ஒப்பித்தார்.

"வோல்ட்டுன்னா பஸ்ஸுக்கு வெளிய நின்னு தள்ளுத கூட்டம். ஆம்பியர்னா உள்ள ஏறுத ஆளு. ஓம்னா, படியில நின்னுக்கிட்டு உள்ளயும் போகாம கீழயும் இறங்காம மறிப்பான் பாரு, அந்தப் பய."

"வாட்டு?"

"எஞ்சின் படுத பாடு."

"கணக்கு?"

"தள்ளுததை ஏறுததால வகுத்தா மறிக்கிறவன் பலம் தெரிஞ்சுரும். ரெண்டையும் பெருக்கினா எஞ்சின் படுத பாடு தெரிஞ்சுரும். சரிதானா வாத்தியாரம்மா?"

"சரிதான். பஸ்ஸு ஓடுறப்பக் கேளுங்க" என்றாள் அவள்.

அது என்ன பேச்சு என்று பால்வண்ணத்துக்கு விளங்கவில்லை. 

அந்த வருசம் அம்மன் கொடைத் திருவிழா வந்தது.

அந்த ஊர்க் கொடையில் அம்மனைத் தோளில் தூக்கி வருகிற சப்பரம் ரொம்ப உயரம். தெருவுக்குத் தெரு குறுக்கே போகிற கம்பியில் தட்டும். அதனால் சப்பரம் கிளம்புவதற்கு முன்னாலேயே ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர்தான். அதுவும் வெள்ளை டியூப் லைட் ஆகாது. அம்மன் மஞ்சள் வெளிச்சத்தில்தான் வருவாள். இருட்டுத் தெருவுக்குள் வரவே மாட்டாள்.

ஊரின் கடைசியில் காளவாசல் தெரு. சுண்ணாம்பு சுடுகிறவர்களின் தெரு. சப்பரம் அந்தத் தெருவுக்குள் ஒருநாளும் போனதில்லை. அதன் முக்குவரை வரும், திரும்பிவிடும். தெருச் சனம் முக்கில் வந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போகும். கேட்டுக் கேட்டு, சண்டை போட்டு, அழுது, இந்த வருசம்தான் கமிட்டி சம்மதித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. முக்கிலிருந்து கடைசி வீடுவரை வெளிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழையபடி முக்கிலேயே திரும்பிவிடும்.

மற்றத் தெருவுக்கெல்லாம் டவுனிலிருந்து பெரிய ஜெனரேட்டர் வந்தது. காளவாசல் தெரு சனம் தங்கள் தெருவுக்கு உலகம்மாவைக் கூப்பிட்டது.

அவளிடம் இருந்தது சின்ன ஜெனரேட்டர். மூவாயிரம் வாட்டுதான் இழுக்கும். பல்பு எல்லாம் மூடிப்போன ஒரு டாக்கீஸிலிருந்து வாங்கின பழைய குண்டு பல்பு. வைக்கோலுக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் கண்ணாடியில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோய் எது எத்தனை வாட்டு என்று ஒன்றும் தெரியவில்லை.

கொடையன்று மத்தியானம் உலகம்மா ஏணியில் ஏறி வயர் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே பல்புகளைத் துடைத்துக்கொண்டிருந்த பால்வண்ணத்திடம் சொன்னாள்.

"அண்ணாச்சி, இது எத்தனை வாட்டுன்னு பாத்து வைங்க. மொத்தம் அறுபது போடணும்."

பால்வண்ணத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் தடவையாக அவருக்கென்று ஒரு கணக்கு. மீட்டரை எடுத்தார். ஓமில் வைத்தார். பல்பின் அடியில் இரண்டு முனையையும் தொட்டார்.

தொண்ணூற்றிரண்டு.

இன்னொரு பல்பு. அதுவும் அப்படித்தான். இன்னொன்று. அதுவும்.

டிக்கெட் கிழித்த கைக்குக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு. இருநூற்று முப்பது வோல்ட்டைத் தொண்ணூற்றிரண்டால் வகுத்தார். ரெண்டரை ஆம்பியர். அதை வோல்ட்டோடு பெருக்கினார். ஐநூற்று எழுபத்தைந்து வாட்டு.

ஒரு பல்புக்கு!

மூவாயிரத்தில் எத்தனை போகும்? அஞ்சு. அஞ்சே அஞ்சு பல்பு.

பால்வண்ணம் பல்பைக் கீழே வைத்தார். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். கணக்கு மாறவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டித் தலைவர் ஆறுமுகநயினார் மொபெட்டில் வந்து நின்றார்.

"என்ன வே, எல்லாம் ரெடியா?"

வாத்தியாரம்மாவிடம் சொல்லிவிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் பால்வண்ணத்தின் வாய் பஸ்ஸில் பழகின வாய். அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது.

"அஞ்சு பல்புக்கு மேல இந்த ஜெனரேட்டர் தாங்காது போலிருக்கே நயினார்."

"அஞ்சா? இந்தத் தெருவு நீளத்துக்கு அஞ்சா?"

"கணக்கு அப்படித்தான் வருது."

நயினார் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கெட்ட மனுசர் இல்லை. கொடை ஒழுங்காக நடக்க வேண்டுமே என்கிற பயம் பிடித்த மனுசர்.

"நல்லவேளை, முன்கூட்டியே சொன்னீரு. இருட்டுக்குள்ள அம்மனைக் கொண்டுபோய் நிறுத்தி ஏதாவது ஆச்சுன்னா ஊரு என்னைத்தான் ஏசும். முக்குலயே திருப்பிருவோம். மேளக்காரன்கிட்டயும் சொல்லிருதேன்."

மொபெட் கிளம்பும் முன்னாலேயே தெருவுக்குள் சேதி ஓடிவிட்டது. கோலம் போட்டுக்கொண்டிருந்த செண்பகவடிவு கையெல்லாம் கோலப்பொடியோடு ஓடி வந்தாள். இந்தத் தெருவுக்காகக் கமிட்டி வாசலில் உட்கார்ந்து மல்லுக்கு நின்றவள் அவள்தான்.

"எக்கா உலகம்மா! கீழ இறங்கு! உன் கண்டக்டரு எங்க பஸ்ஸை நிறுத்திட்டாரு!"

உலகம்மா இறங்கி வந்தாள். பால்வண்ணம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முழுக் கணக்கையும் சொன்னார்.

"எப்படி அளந்தீங்க?"

"மீட்டரை வச்சுத்தான்."

"பல்பு எங்க இருந்துச்சு?"

"இந்தா, கையில."

உலகம்மா அவரிடமிருந்து மீட்டரைப் பிடுங்கிக்கொண்டாள். ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தாள். அது பொருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஒரே ஒரு பல்பை மாட்டினாள். கரண்டு போகிற வழியில் மீட்டரைச் சேர்த்து, முகப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

பல்பு எரிந்தது. தேன் மாதிரி மஞ்சள்.

"படிங்க அண்ணாச்சி."

"பூச்சியம் புள்ளி... ரெண்டு. பூச்சியம் புள்ளி ரெண்டு ஆம்பியர்."

"ரெண்டரை இல்லையா?"

"இல்லையே!"

"வோல்ட்டு?"

மீட்டரை மாற்றிப் பிடித்துப் பார்த்தார். "இருநூத்தி முப்பது."

"பெருக்குங்க."

பால்வண்ணத்தின் உதடு அசைந்தது. கண் பெரிசானது.

"நாப்பத்தாறு! நாப்பத்தாறு வாட்டுதான் வாத்தியாரம்மா! அறுபது பல்புக்கும் சேத்து ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபது! மூவாயிரத்துக்குள்ள அடங்குதே! ஏ செண்பகவடிவு, அடங்குதுட்டி!"

"வகுங்க" என்றாள் உலகம்மா.

"இருநூத்தி முப்பதை பூச்சியம் புள்ளி ரெண்டால... ஆயிரத்து நூத்தம்பது ஓம்."

சொல்லிவிட்டு அவர் மீட்டரையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதே பல்புதானே? அதே மீட்டருதானே? தொண்ணூத்தி ரெண்டு எங்க, ஆயிரத்து நூத்தம்பது எங்க? படியில நின்ன பய ஒருத்தன் எப்படிப் பத்துப் பன்னெண்டு ஆளானான்?"

"பல்பைத் தொடுங்க."

தொட்டார். "ஐயோ!" என்று கையை உதறினார்.

"அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு உலகம்மா மறுபடியும் ஏணிக்குப் போய்விட்டாள்.

செண்பகவடிவு கமிட்டிக்கு ஓடினாள். திரும்பி வந்து மூச்சிரைக்கச் சொன்னாள். "எரிய வச்சுக் காட்டட்டும், எரிஞ்சா உள்ள வாரோம், எரியலைன்னா முக்குலயே திருப்புவோம்னு நயினாரு சொல்லிட்டாரு."

அப்புறம் தெருவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளைகள் ஓடி ஓடி வயரைப் பிடித்துக் கொடுத்தன. ஆறு வரிசையாகப் பல்பு கட்டினார்கள். ஒரு வரிசைக்கு ஒரு சுவிட்சு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுச் சுவரில். எல்லாவற்றுக்கும் தலைமையாக ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு மெயின்.

பொழுது சாய்ந்தது. ஊருக்குள் கரண்டு நின்றது. தூரத்தில் மேளம் கிளம்பியது. உறுமிச் சத்தம் வயிற்றுக்குள் இறங்கியது.

"வந்துட்டா! அம்மன் வந்துட்டா!"

உலகம்மா தெருவின் கடைசியில் ஒரு தொங்கின வயரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பால்வண்ணத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் தெருவின் வாயில் மண்ணைப் போட்டவர் அவர்தானே. வெளிச்சத்தையும் அவரே போட்டால்தானே மனசு ஆறும். ஆறு சுவிட்சையும் ஓடி ஓடிப் போட்டு வைத்தார். திரும்பி வந்தார். மெயினைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

அறுபது பல்பும் ஒரு நொடி சிவந்தன.

ஜெனரேட்டர் "க்கும்" என்று ஒரு இருமல் இருமியது. கரண்டு கூடினால் தானாக விழுகிற டிரிப்பர் டக்கென்று விழுந்தது. எஞ்சின் நின்றது.

இருட்டு.

தெரு முழுக்க ஒரே கூச்சல். ஒரு கிழவர், "நாங்க முக்குலயே நின்னு கும்பிட்டுக்கிடுதோம், விடுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டு முக்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். செண்பகவடிவு அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"எங்கயும் போக வேண்டாம் மாமா. நில்லும்."

உலகம்மா இருட்டுக்குள் ஓடி வந்தாள். பால்வண்ணம் மெயினைப் பிடித்தபடியே நின்றார். 

"முதல் கணக்குப் பொய்னு சொன்னே. இப்ப ரெண்டாவதும் பொய்யாப் போச்சே தாயி."

உலகம்மா ஏசவில்லை. தலைக்கு மேலே தொங்கின ஒரு பல்பைக் காட்டினாள்.

"தொடுங்க."

பயந்துபோய்த் தொட்டார். உதறவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.

"சில்லுனு இருக்கு."

 மேளம் அடுத்த தெருவுக்குள் வந்துவிட்டது.

"சில்லுனு இருக்கு" என்றார் மறுபடியும். அப்புறம் அவர் குரல் மாறியது. "சில்லுனு இருந்தா தொண்ணூத்தி ரெண்டுதான்! நான் மத்தியானம் அளந்த பல்பு! சூடு ஏறினாத்தான் மறிக்கிறவன் வாரான், இப்போ படியில மறிக்கதுக்கு ஆளே இல்ல! அறுபதும் ஆளுக்கு ரெண்டரை ஆம்பியரு இழுத்துருக்கு. நூத்தம்பது ஆம்பியர்!"

"எம்புட்டு நேரத்துக்கு?"

"சூடாகுத வரைக்கும். கண்ணு மூடித் திறக்குத நேரம்."

"ஜெனரேட்டரு விழுகதுக்கு அது போதும் அண்ணாச்சி."

"அப்போ என் கணக்குப் பொய் இல்ல!"

"நான் பொய்னு சொல்லவே இல்லையே."

பால்வண்ணம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

"அம்புட்டுப் பேரையும் ஒரே படியில ஏத்தினா எந்த வண்டிதான் கிளம்பும்? வரிசையா ஏத்துவோம்! ஒரு வரிசை ஏறி உக்காந்தப்புறம் அடுத்த வரிசை. ஏ செண்பகவடிவு! ஆறு சுவிட்சையும் அணைக்கச் சொல்லு! சுவிட்சுக்கு ஒரு பொம்பளை நிக்கணும்! நான் விசில் அடிக்காம ஒருத்தியும் கை வைக்கக் கூடாது!"

"எந்த விசிலுக்கு யாரு போடணும்?"

"உனக்கு முந்துன வரிசை எரிஞ்சு நிலைச்சு நிக்கணும். அப்புறம் என் விசிலு. அப்புறம் உன் கை."

பெண்கள் ஓடினார்கள். இருட்டுக்குள் வளையல் சத்தம் ஆறு இடத்தில் போய் நின்றது.

உலகம்மா கயிற்றை இழுத்தாள். எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். பொருமிவிட்டு அடங்கியது. முக்கில் தீவட்டி தெரிந்தது. நயினாரின் குரல் கேட்டது. "இருட்டாத்தானே வே கிடக்கு? திருப்புங்க, திருப்புங்க!"

மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பால்வண்ணம் டிரிப்பரைத் தூக்கிவிட்டார். மெயினைப் போட்டார். இரண்டு விரலை வாயில் வைத்தார். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு விசில்.

"ரைட்!"

முக்கு ஓரத்து வரிசை எரிந்தது. ஜெனரேட்டர் லேசாக முக்கியது, நிமிர்ந்தது.

விசில். "ரைட்!"

இரண்டாவது வரிசை. கோலங்கள் கண் விழித்தன.

விசில். "போலாம் ரைட்!"

ஒவ்வொரு வரிசை எரியும்போதும் பிள்ளைகள் கத்தினார்கள். வெளிச்சம் வீடு வீடாகத் தாவித் தெருவுக்குள் ஓடியது. காரை பூசின சுவரெல்லாம் தங்கமாக நின்றது. கடைசிச் சுவிட்சில் செண்பகவடிவு நின்றாள். விசிலுக்குக் காத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். விசில் வந்தது. போட்டாள். கடைசி வீட்டு வாசல்படிவரை மஞ்சள் பரவியது. ஜெனரேட்டர் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது.

முக்கில் நயினார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சப்பரத்தைத் தூக்கி வந்தவர்கள் அதைக் கவட்டைக் கம்புகளில் இறக்கி வைத்தார்கள். எந்தத் தெருவுக்குள் சப்பரம் போகிறதோ அந்தத் தெரு ஆட்கள்தான் அங்கிருந்து தோள் கொடுக்க வேண்டும். அது அந்த ஊர் முறை.

காளவாசல் தெரு ஆண்கள் முன்னால் வந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு இளவட்டத்தின் கை பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி நடுங்கியது.

நயினார் பால்வண்ணத்தின் காதில் குனிந்தார்.

"வெளிச்சம் சரி வே. இந்த ஆளுக ஒருநாளும் சப்பரம் தூக்கினதில்ல. கை எப்படி ஆடுது பாரும். தாங்குவாங்களா?"

 அதற்குள் அவர்கள் குனிந்து தோளைக் கொடுத்துவிட்டார்கள். "ஓ!" என்று ஒரு சத்தம். சப்பரம் எழும்பியது.

எழும்பினது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மன் கழுத்து மாலை ஒருபுறமாகச் சரிந்தது. நடுங்கின பையனின் முழங்கால் மடங்கியது. கூட்டம் அலறியது.

"இறக்கச் சொல்லும் வே! விசிலடியும்!" என்று நயினார் கத்தினார்.

பால்வண்ணம் விரலை வாயில் வைத்துவிட்டார். வைத்தபடியே பதறிப்போய் உலகம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்திரட்டுமா வாத்தியாரம்மா?"

உலகம்மாவின் கண் தூக்குகிறவர்களின் கால்மேல் இருந்தது.

"பொறுங்க அண்ணாச்சி. சூடு ஏறட்டும்."

அவர் வாயிலிருந்து விரலை எடுத்தபோது, சப்பரம் நிமிர்ந்து முதல் பல்பைத் தாண்டியிருந்தது.